பழைய மாடல் ரயில், புதிய தண்டவாளம்: அறிகுறியைப் பார்த்துச் சக்கரத்தைச் சரிசெய்யும் வழிமுறை

காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் செல்லும் பாதை மீட்டர் கேஜாக இருந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, பாதை அகலமானால் பழைய பெட்டி அதில் ஓடாது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1,000 மில்லிமீட்டருக்கும் 1,676 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணே சொல்லிவிடும். மாடல் ரயிலில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஹெச்ஓ (உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு), டபுள்ஓ (76-இல் ஒரு பங்கு) ஆகிய இரண்டு அளவுகளுக்கும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பும் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர்தான், இன்றும் அதுதான். ஆகவே பழைய பெட்டியை எடுத்துப் புதிய தண்டவாளத்தில் வைத்தால் அது அழகாக உட்கார்ந்துவிடுகிறது. தள்ளினால் இரண்டடி தூரம் குறையில்லாமல் ஓடுகிறது. பாதை இரண்டாகப் பிரியும் இடமான பாயின்ட் முதன்முதலாக வந்ததும் துள்ளிக் கவிழ்கிறது.

வேலூரில் மருத்துவராகப் பணியாற்றிவிட்டுத் தம் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டவர் எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்துச் சென்ற மரப்பெட்டியில் மூன்று பயணிகள் பெட்டிகளும் எட்டுச் சரக்குப் பெட்டிகளும் ஒரு நீராவி இன்ஜினும் இருந்தன. காட்பாடி காந்தி நகரில் எங்கள் மொட்டை மாடி அறையில் புதிய தண்டவாளம் அமைத்து அவற்றை ஓடவிட முயன்றபோது நான் சந்தித்த கோளாறுகளையும், அவற்றைத் தீர்த்த முறைகளையும் அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் அளக்க வேண்டிய மூன்று அளவுகள்

எந்த அறிகுறியானாலும், சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவியை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஓர் அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உட்புற முகங்களுக்கு இடையிலான தூரம். இதை இனி உள்முக அளவு என்று குறிப்பிடுகிறேன். இரண்டு, தண்டவாளத்துக்கு உட்புறமாகக் கீழே இறங்கும் விளிம்பின், அதாவது ரயில்வேக்காரர்கள் ஃபிளாஞ்ச் என்று சொல்லும் பகுதியின், ஆழம். மூன்று, அந்த விளிம்பின் தடிமன்.

இன்றைய சக்கரங்களில் உள்முக அளவு பொதுவாக 14.4 முதல் 14.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைத்த ஆர்பி-25 என்னும் வடிவத்தின்படி, ஹெச்ஓ சக்கரத்தின் விளிம்பு ஆழம் சுமார் 0.64 மில்லிமீட்டர், தடிமன் சுமார் 0.76 மில்லிமீட்டர். எங்கள் மரப்பெட்டியிலிருந்த சரக்குப் பெட்டிகளில் உள்முக அளவு 13.6 ஆகவும், விளிம்பின் தடிமன் 1.2 ஆகவும், ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டராகவும் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: இந்திய ரயில்வேயின் அகலப் பாதைச் சக்கரத்தில் விளிம்பின் உயரம் 28.5 மில்லிமீட்டர், அதை 76-ஆல் வகுத்தால் 0.4 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. குழந்தைகள் தரையில் விரித்து விளையாடும் தண்டவாளத்தில் வண்டி எளிதில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அக்காலத் தயாரிப்பாளர்கள் விளிம்பை இப்படிப் பருமனாக வைத்தார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. அவர்களுடைய தண்டவாளத்திலும் அதற்கேற்ற அகலமான இடைவெளிகள் இருந்தன.

நேர்ப்பாதையிலேயே ‘டக டக’ என்று ஒலித்தபடி அதிர்ந்து ஓடுகிறது

சக்கரம் சதுரமாகிவிட்டதோ என்று ஐயப்படும் அளவுக்குச் சீரான தட்டல் ஒலி கேட்டால், ஒலியின் இடைவெளியைக் கவனியுங்கள். ஸ்லீப்பர் கட்டைக்கு ஒரு தட்டல் என்ற கணக்கில் வந்தால், விளிம்பின் நுனி தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கவ்விகளில் இடிக்கிறது என்று பொருள். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டல் என்றால் அது வேறு கோளாறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் ‘கோட்’ எண்ணாகக் குறிப்பிடுவார்கள். கோட் 100 என்றால் 0.100 அங்குலம், அதாவது 2.54 மில்லிமீட்டர். கோட் 83 என்றால் 2.1. கோட் 75 என்றால் 1.9. கவ்விகள் மேலெழும்பி நிற்கும் உயரத்தைக் கழித்துப் பார்த்தால், கோட் 75-இல் ஒன்றரை மில்லிமீட்டர் விளிம்புக்கு இடம் இருக்காது. கோட் 100-இல் பெரும்பாலான பழைய வண்டிகள் நேர்ப்பாதையில் தட்டாமல் ஓடிவிடும். எனவே இன்னும் தண்டவாளம் வாங்காதவர், தம்மிடம் பழைய வண்டிகள் நிறைய இருக்குமானால், பார்வைக்கு நேர்த்தியானது என்பதற்காகக் கோட் 75-ஐத் தேர்ந்தெடுக்காமல் கோட் 100-ஐ வாங்குவதே நல்லது. கோட் 75-ஐ ஏற்கெனவே பதித்துவிட்டவருக்குச் சக்கரத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய விளிம்பையே லேத்தில் கடைந்து குறைத்துவிடலாமே என்று ராணிப்பேட்டைப் பக்கம் பட்டறை அனுபவம் உள்ள நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். எஃகுச் சக்கரமானால் அது சரிதான். ஆனால் பழைய சக்கரங்களில் பல துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. வார்ப்பின்போது ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், அந்த உலோகம் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விட்டுப் பொடியத் தொடங்கும். லேத்தின் சக்கில் வைத்து இறுக்கியவுடன் எங்களுடைய ஒரு சக்கரம் பிஸ்கட் போல மூன்று துண்டுகளானது. கடையும் முன் பூதக்கண்ணாடியால் சக்கரத்தின் முகத்தைப் பார்த்து, மயிரிழை வெடிப்போ உப்பலோ தெரிந்தால் அதைக் காட்சிக்கு வைத்துவிட்டுப் புதுச் சக்கரம் வாங்குங்கள்.

பாயின்ட்டில் ஏறுகிறது, துள்ளுகிறது, தடம் புரள்கிறது

பழைய வண்டிகளைப் பற்றிய புகார்களில் பெரும்பங்கு இதுதான். பாயின்ட்டில் கவிழ்ந்தது என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த இடத்தில், எந்தச் சக்கரம், எந்தப் பக்கமாக என்று பார்த்தாக வேண்டும். இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஒற்றைப் பெட்டியைச் சுட்டுவிரலால் மெல்லத் தள்ளுங்கள். தண்டவாள மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, எதிர்ப்புறம் ஒரு டார்ச் விளக்கை வைத்தால், சக்கரம் எங்கே தூக்குகிறது என்பது வெளிச்சக் கீற்றாகத் தெரியும்.

இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் கிராசிங்கில், சக்கரத்தின் விளிம்பு கடந்து செல்ல ஒரு பள்ளம் விடப்பட்டிருக்கும். எதிர்ப்பக்கத் தண்டவாளத்தை ஒட்டி, சக்கரத்தை இழுத்துப் பிடித்து நேர்வழியில் செலுத்துவதற்காகச் செக் ரயில் என்னும் சிறிய துண்டு இருக்கும். அங்கேயும் அதே அளவு பள்ளம். இந்தப் பள்ளத்தின் அகலம் 1.25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 16.5-இலிருந்து இரண்டு பள்ளங்களுக்காக 2.5-ஐக் கழிக்க, மீதி 14 மில்லிமீட்டர். சக்கரங்களின் உட்புற முகங்கள் இந்த 14 மில்லிமீட்டரைத் தாண்டி இருபுறமும் இறங்க வேண்டும். உள்முக அளவு 13.6 மட்டுமே இருக்கும் அச்சு எப்படி இறங்கும்? அது இரு பக்கமும் இறுகி, மேலே ஏறி, தடம் புரள்கிறது. கிராசிங்கை அடைவதற்குச் சற்று முன்னதாகவே பெட்டி ‘நெஞ்சை நிமிர்த்தி’ எழுந்தால், காரணம் உள்முக அளவின் குறைவு என்று உறுதியாகச் சொல்லலாம்.

அப்படியானால் சக்கரங்களை அச்சிலேயே சற்று வெளியே இழுத்து 14.5-க்குக் கொண்டுவந்துவிட்டால் போதாதா? நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு மாலை முழுவதும் செலவழித்து எட்டுச் சரக்குப் பெட்டிகளின் பதினாறு அச்சுகளையும் அகட்டி முடித்த பிறகு, அவை பாயின்ட்டில் மட்டுமின்றி நேர்ப்பாதையிலும் உட்காரவில்லை. காரணம் எளிய கூட்டல். 14.5 உடன் இரு பக்கமும் 1.2 தடிமனுள்ள விளிம்புகளைக் கூட்டினால் 16.9. தண்டவாளத்தின் அகலமோ 16.5. வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டே இந்தக் கூட்டலைப் போடாமல் விட்டதற்கு என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு கூட்டலும் இருக்கிறது. இது கிராசிங்கின் மூக்கை, அதாவது இரண்டு தண்டவாளங்கள் கூடும் கூர்முனையை, காப்பது. உள்முக அளவுடன் ஒரே ஒரு விளிம்பின் தடிமனைக் கூட்டிவரும் தொகை, செக் ரயிலின் முகத்திலிருந்து எதிர்ப்பக்க மூக்கு வரையுள்ள தூரத்துக்குள் அடங்க வேண்டும். மேலே எடுத்துக்கொண்ட பள்ள அகலத்தின்படி அந்தத் தூரம் 16.5 கழித்தல் 1.25, அதாவது 15.25. ஆர்பி-25 சக்கரத்துக்கு 14.4 கூட்டல் 0.76 என்பது 15.16, அடங்குகிறது. அகட்டிய பழைய சக்கரத்துக்கு 14.5 கூட்டல் 1.2 என்பது 15.7, மூக்கில் நேராக மோதும். கிராசிங்கின் மூக்கில் ‘டக்’ என்று இடித்து, அதன் தவறான பக்கத்தில் சக்கரம் நுழைய முயன்றால் இதுவே காரணம்.

இந்த இரண்டு கூட்டல்களையும் போட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். விளிம்பு மெலிதாகவும் உள்முக அளவு மட்டும் குறைவாகவும் இருந்தால் அகட்டினால் போதும். விளிம்பு தடித்திருந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். இடைநிலை என்று ஒன்று கிடையாது.

அகட்டும்போது இரு சக்கரங்களையும் சம அளவில் நகர்த்த வேண்டும். 0.9 மில்லிமீட்டர் கூட்ட வேண்டுமானால் பக்கத்துக்கு 0.45. ஒரே பக்கமாக இழுத்தால் பெட்டி தண்டவாளத்தின் நடுவிலிருந்து விலகி ஓடும். நடுவே பிளாஸ்டிக் புஷ் உள்ள சக்கரத்தை விரலால் திருகியபடியே இழுக்கலாம். உலோகத்தோடு உலோகம் இறுகியதைக் கையால் இழுத்தால் சாய்ந்துவிடும், அதற்கு வைஸ் தேவை. ஒவ்வொரு முறையும் வெர்னியரால் அளப்பதற்குப் பதிலாக, சரியாக 14.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு அதைச் செய்து கொடுத்த பட்டறைக்காரர், இது எந்த மெஷினுக்கு என்று மூன்று முறை கேட்டார். பொம்மை ரயிலுக்கு என்றதும் கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். நகர்த்திய பின் சக்கரம் தளர்வாக இருந்தால், ஊசி முனையில் தொட்டெடுத்த ஃபெவிக்விக் போதும். ட்யூபிலிருந்து நேரே சொட்டினால் அது அச்சின் முனை வரை ஓடிவிடும்.

உள்முக அளவும் விளிம்பும் சரியாக இருந்தும் தடம் புரண்டால், பெட்டி இலேசாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்ஓ பெட்டிகளுக்கு என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைக்கும் எடை, அடிப்படையாக ஓர் அவுன்ஸும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும். ஆறங்குலப் பெட்டிக்கு நான்கு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். போகி, அதாவது பெட்டிக்கு அடியில் அச்சுகளைத் தாங்கித் தனியே திரும்பும் சட்டகம், வைத்த பெட்டியானால், ஒரு போகியின் திருகை ஆடும் அளவுக்குத் தளர்த்தி, மற்றதைத் திரும்ப மட்டும் விடுங்கள்.

பாயின்ட்டை அடைந்ததும் மின்சாரம் நின்றுவிடுகிறது

தடம் புரளாமலே வண்டி நின்று, கண்ட்ரோலரின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சக்கரம் எங்கோ இரண்டு தண்டவாளங்களைச் சேர்த்துவிடுகிறது. பழைய வண்டி எந்த முறையைச் சேர்ந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்லோ மூன்று தண்டவாள முறையைச் சேர்ந்தது. அதில் நடுத் தண்டவாளம் ஒரு முனை, இரு ஓரத் தண்டவாளங்களும் மறு முனை என்பதால், சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு தேவைப்படவில்லை. 1959-இல்தான் அந்த வரிசை இரண்டு தண்டவாள முறைக்கு வந்தது. மார்க்லின் ஹெச்ஓ வண்டிகளிலும் சக்கரங்கள் மின்காப்பற்றவை. இத்தகைய அச்சை இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால், பாயின்ட் வரை போவதற்குக் காத்திராமல் வைத்த நொடியிலேயே ஷார்ட் ஆகும். மல்டிமீட்டரின் இரு முனைகளை ஓர் அச்சின் இரு சக்கரங்களில் வைத்துப் பாருங்கள். ஒலித்தால் அந்த அச்சை மாற்றுவதுதான் தீர்வு.

ஒரு பக்கம் மட்டும் காப்புள்ள அச்சுகளை உலோக போகியில் பொருத்தும்போது, காப்புள்ள சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஓர் அச்சு திரும்பிவிட்டால் போகியின் உடலே இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும்.

பாயின்ட்டில் மட்டும் ஷார்ட் ஆனால் இரண்டு இடங்களைச் சோதியுங்கள். மூக்கு உட்படக் கிராசிங் முழுவதும் மின்னோட்டம் பெறும் வகைப் பாயின்ட்டில், வழியை மாற்ற நகரும் நாக்குத் தண்டவாளங்களில் திறந்து நிற்பது தன் அருகிலுள்ள தண்டவாளத்துக்கு எதிர்முனை மின்சாரத்தைக் கொண்டிருக்கும். உள்முக அளவு குறைந்த சக்கரத்தின் முதுகு அந்த நாக்கை உரசினால் ஷார்ட். பிளாஸ்டிக் மூக்குள்ள வகையில், மூக்கைத் தாண்டியதும் எதிர்முனைத் தண்டவாளங்கள் இரண்டும் மிக நெருக்கமாகத் தொடங்கும். அகலமான பழைய சக்கரம் அங்கே இரண்டையும் ஒருசேர மிதிக்கும். அந்த இரண்டு தண்டவாள நுனிகளிலும் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு நகப்பூச்சு தடவினால் சிக்கல் தீரும். பூச்சு தேய்ந்துவிடும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். வீட்டில் கேட்காமல் எடுக்காதீர்கள் என்பதைத் தவிர இதில் எச்சரிக்கை எதுவும் இல்லை.

சக்கரத்தை மாற்றிய பின் சுழலவில்லை, அல்லது பெட்டி தள்ளாடுகிறது

பழைய பெட்டிகள் பலவற்றில் அச்சின் முனை மழுங்கியிருக்கும். போகியின் துளைக்குள் அது நேராக நுழைந்து நிற்கும். இன்றைய அச்சின் முனை ஊசி போன்றது. கூம்பு வடிவக் குழியில் முனை மட்டும் தொட்டபடி சுழலும். புதிய அச்சைப் பழைய துளையில் அப்படியே மாட்டினால் அது ஓரத்தில் சரிந்து உட்கார்ந்து தள்ளாடும். இதற்கென விற்கப்படும் சிறிய பித்தளைக் கிண்ணங்களைத் துளையில் பதித்து, அவற்றுக்குள் ஊசி முனையை விட வேண்டும். துளையைப் பெரிதாக்கும்போது ட்ரில் இயந்திரம் வேண்டாம். நகை வேலை செய்யும் ஆசாரிகள் பயன்படுத்துவது போன்ற கைத்துளைப்பானால் மெல்லத் திருகுங்கள். பழைய பிளாஸ்டிக் எளிதில் விரிசல் விடும்.

அச்சின் நீளத்தையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் டபுள்ஓ அச்சு ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் இருக்கும். பிற தயாரிப்புகளில் இதைவிடக் குட்டையானவையும் உண்டு. நீளம் கூடினால் போகியின் கால்கள் பிதுங்கிச் சக்கரம் இறுகும். குறைந்தால் அச்சு கழன்று விழும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டலோ ஆட்டமோ இருந்தால், சக்கரம் அச்சுக்குச் செங்குத்தாக உட்காரவில்லை. அச்சைக் கண்ணாடி மேசையில் உருட்டினால் விளிம்பின் நெளிவு தெரிந்துவிடும்.

கொக்கிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை

சக்கரத்தின் விட்டம் மாறிவிட்டது. டபுள்ஓ-வில் சரக்குப் பெட்டிக்கு 12.6, பயணிகள் பெட்டிக்கு 14.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்கள் விற்கப்படுகின்றன. அவற்றை மாற்றிப் பொருத்தினால் கொக்கியின் உயரம் முக்கால் மில்லிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியை ஹெச்ஓ அளவில் செய்திருப்பவர், அதன் 915 மில்லிமீட்டர் சக்கரத்தை 87-ஆல் வகுத்து 10.5 மில்லிமீட்டர் சக்கரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்ஜின் நொண்டுகிறது அல்லது வழுக்குகிறது

பெட்டிகளின் சக்கரத்தை மாற்றிப் பழகியதும் இன்ஜினிலும் கை வைக்கத் தோன்றும். நீராவி இன்ஜினில், ஒரு பக்கச் சக்கரத்தின் இணைப்புத் தண்டு மாட்டும் ஊசிக்கும் மறுபக்க ஊசிக்கும் இடையே 90 பாகை வேறுபாடு இருக்கும். இந்த வேறுபாடு எல்லா அச்சுகளிலும் ஒன்றுபோல அமைய வேண்டும். ஒரு சக்கரத்தை அகட்டும்போது அது சிறிதளவு திரும்பிவிட்டாலும் தண்டுகள் இறுகி, இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டும். சக்கரங்களைச் சரியான கோணத்தில் பிடிக்கும் சட்டகமும் சக்கரம் இழுக்கும் கருவியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். எங்கள் இன்ஜினை நான் தொடவில்லை. பாயின்ட் இல்லாத வெளிவட்டப் பாதையில் அது மகிழ்ச்சியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வழுக்கல் வேறு கதை. ட்ரையாங் நிறுவனம் 1960-களில் சில இன்ஜின்களின் சக்கரங்களைக் காந்தத்தால் தண்டவாளத்தோடு ஒட்டிப் பிடிக்கச் செய்தது; அன்றைய தண்டவாளம் எஃகு. இன்றைய தண்டவாளம் நிக்கல் சில்வர், அதாவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. பெயரைத் தவிர அதில் வெள்ளியும் இல்லை, காந்தம் பிடிக்கும் குணமும் இல்லை. ஆகவே பழைய வட்டத்தில் ஆறு பெட்டிகளை இழுத்த இன்ஜின் புதியதில் மூன்றோடு திணறினால், மோட்டாரைப் பிரிக்காமல் உடலுக்குள் கொஞ்சம் ஈயத் துண்டை வைத்துப் பாருங்கள்.

சித்திரை வைகாசியில் மட்டும் தடம் புரள்கிறது

இந்த அறிகுறி இங்கிலாந்தில் எழுதப்பட்ட கையேடுகளில் எளிதில் அகப்படாது. வேலூரில் கோடைப் பகலில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம்; மொட்டை மாடி அறையில் அதற்கும் மேலே. மூன்று மீட்டர் நீளமுள்ள நிக்கல் சில்வர் தண்டவாளம், 20 பாகை வெப்பம் கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாமல் பதித்திருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் பிதுங்கி, தண்டவாளத்தின் அகலம் சில இடங்களில் 16.5-க்குக் குறையும். மாசியில் குறையின்றி ஓடிய வண்டி சித்திரையில் ஒரே இடத்தில் தடம் புரண்டால், பித்தளைத் துண்டை எடுப்பதற்கு முன் வெர்னியரைத் தண்டவாளத்துக்குள் வைத்து அந்த இடத்தின் அகலத்தை அளவிடுங்கள். குறைந்திருந்தால், பக்கத்து இணைப்பை மெல்லிய ரம்பத்தால் அறுத்து அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதன் இரு புறமும் மின்கம்பியைப் பற்றவைத்து இணையுங்கள். அறுப்பதைப் பகல் வெயிலில், தண்டவாளம் முழுவதும் நீண்டிருக்கும் வேளையில் செய்யுங்கள்.